சிவப்பு மருந்தும் கடல் காப்சூலும்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஹார்மோன் தூண்டுதலால் வளர்வது. அக்குளில் ஐந்து நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததால் கீமோ தொடங்கியிருக்கிறார்கள். முதல் சுற்றில் சிவப்பு நிற மருந்து ஏற்றினார்கள். அன்று மாலை சிறுநீரும் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று பயந்து அம்மா அழுதிருக்கிறார். இப்போது முடி கொட்டுகிறது. இரண்டாவது சுற்று அடுத்த வாரம்.

இந்த நேரத்தில் பெரியப்பா ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆழ்கடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஓர் இயற்கைப் பொருள் புற்றுநோய் அணுக்களை அழிக்கிறதாம். கூடவே ஆய்வகத் தட்டின் படம், ஒரு காப்சூல் விளம்பரம். ஒரு புட்டி 480 வெள்ளி. பெரியப்பாவே ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார். “கீமோ விஷம், இது இயற்கை. அம்மாவிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டாம், காலையில் கேழ்வரகுக் கஞ்சியில் பிரித்துக் கலந்துவிடு” என்கிறாராம்.

வாசகி கேட்பவை இவை: காப்சூலைக் கொடுக்கலாமா? கீமோவை நிறுத்தலாமா? இயற்கை மருந்துக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதால் மருத்துவமனைகள் இதை மறைக்கின்றனவா? இப்படிப்பட்ட புது மருந்துக்கான சோதனையில் அம்மாவைச் சேர்க்க வழி உண்டா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். கஞ்சியிலோ வேறு எதிலோ கலக்காதீர்கள். அடுத்த வாரம் குறித்த நாளில் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காரணங்களை இனி நிதானமாகப் பேசலாம்.

உங்கள் பெரியப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பி மனைவி படும் பாட்டைப் பார்த்துத் தாங்காமல், கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வதில் பாதி சரியும்கூட. நுண்ணுயிர்களிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அம்மாவின் கையில் ஏறிய அந்தச் சிவப்பு மருந்தே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா கொடுத்ததுதான்.

அதன் பெயர் டாக்ஸோரூபிசின். 1950களில் மிலான் நகரத்து ஃபார்மிட்டாலியா என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இத்தாலியின் பல இடங்களிலிருந்து மண்ணை அள்ளி வந்து, அதில் உள்ள நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென் இத்தாலியில் காஸ்டெல் தெல் மோன்டே என்ற பழைய கோட்டைக்கு அருகில் எடுத்த மண்ணில், ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியா ஒன்று அடர் சிவப்பாக ஒரு பொருளைச் சுரந்தது. டானோரூபிசின் என்று பெயர் வைத்தார்கள். ரத்தப் புற்றுநோயில் நன்றாக வேலை செய்தது. ஆனால் சில நோயாளிகளின் இருதயத்தைக் கெடுத்தது, உயிர்களும் போயின. பிறகு அதே பாக்டீரியாவை மரபு மாற்றம் அடையச் செய்து வளர்த்தார்கள். அப்போது சற்றே மாறுபட்ட இன்னொரு சிவப்புப் பொருள் கிடைத்தது. அதுதான் அம்மாவுக்கு ஏற்றிய மருந்து. அமெரிக்காவில் 1974ல் அனுமதி பெற்றது. இன்றைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

அன்று மாலை அம்மா பார்த்தது ரத்தம் இல்லை. மருந்தின் நிறம்தான் சிறுநீரில் வெளியேறியது. ஓரிரு நாளில் தானாகத் தெளிந்துவிடும். இதை முன்கூட்டியே, அவருக்குப் புரிகிற மொழியில் யாராவது சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும். அடுத்த சுற்றன்று நீங்களே தாதியிடம் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தமிழில் விளக்கம் வேண்டும் என்று. தமிழ் பேசும் ஊழியரையோ மொழிபெயர்ப்பாளரையோ கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சரி, இயற்கையில் கிடைத்தது என்றால் ஏன் இவ்வளவு கொடுமை? ஏனென்றால் ஒரு பிடி மண்ணுக்குள் நடப்பது உயிர்ப் போராட்டம். இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போடும் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று அடக்க இப்படிப்பட்ட பொருள்களைச் சுரக்கின்றன. டாக்ஸோரூபிசின் அணுவுக்குள் போய் மரபணு இழையின் படிகளுக்கு இடையே செருகிக்கொள்கிறது. அணு இரண்டாகப் பிரிய முடியாமல் சாகிறது. இதைச் சுரக்கும் பாக்டீரியா தானே செத்துவிடாமல் இருக்க, அந்தப் பொருளை உடனுக்குடன் வெளியே தள்ளும் பம்புகளைத் தன் மேல்சவ்வில் வைத்திருக்கிறது. அம்மாவின் உடம்பில் அது பெரிய அளவில் சேதப்படுத்துவது வேகமாகப் பெருகும் அணுக்களை. புற்றுநோய் அணுக்கள் அப்படிப்பட்டவை. முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படிப்பட்டவைதான். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான்.

இந்த மருந்து ஏற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் தாதி பெரிய ஊசிக்குழலை வைத்து மெதுவாகத் தள்ளுவார். அவர் கண் ஊசி குத்திய இடத்தை விட்டு நகராது. “எரிகிறதா அம்மா, வலிக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தொடங்கும் முன் இருதய ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குக்கூட வரம்பு இருக்கிறது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமுக்கு மேல் போனால் இருதயம் பழுதாகும் அபாயம் ஏறிவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் நான்கு சுற்றிலும் சேர்த்து 240தான் வரும். இந்த எண்கள் சும்மா கிடைக்கவில்லை. எத்தனையோ நோயாளிகள் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டவை. பெரியப்பாவின் காப்சூலுக்கு இப்படி ஓர் எண்ணாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மறைக்கிறார்களா?

இல்லை, சகோதரி. நுண்ணுயிர்ப் பொருள்களை மருந்து உலகம் தேடித் தேடி எடுத்திருக்கிறது. முதலாவது 1940ல் வாக்ஸ்மன், வுட்ரஃப் என்ற ஆய்வாளர்கள் மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்த ஆக்டினோமைசின். குழந்தைகளுக்கு வரும் ஒருவகைச் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அதை இன்றும் கொடுக்கிறோம். விதைப்பைப் புற்றுநோயைக் குணமாக்க உதவும் ப்ளியோமைசின் ஜப்பானில் உமேசாவா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. அதுவும் மண் நுண்ணுயிர் தந்ததே. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஒருபடி மேலே போய், காசநோய்த் தடுப்பூசியில் உள்ள, வீரியம் குறைத்த பிசிஜி பாக்டீரியாவையே உயிரோடு சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறோம்.

அம்மாவின் நோயோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றையும் சொல்கிறேன். 1964ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு குழு அங்கிருந்து மண் எடுத்து வந்தது. அதில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து ராப்பமைசின் என்ற பொருள் கிடைத்தது. அதன் பின்னால் விடாமல் நின்றவர் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. அவர் வேலை பார்த்த ஆய்வகம் மூடப்பட்டபோது நுண்ணுயிரை வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். அந்தப் பொருளைத் திருத்தி உருவாக்கிய எவரோலிமஸ், ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் பரவிய நிலையில் இருப்பவர்களுக்காக அமெரிக்காவில் 2012ல் அனுமதி பெற்றது. மண் அள்ளியதிலிருந்து கணக்குப் போட்டால் 48 வருடம். இதில் மறைப்பு எங்கே இருக்கிறது? இயற்கைப் பொருளைத் திருத்தி மருந்தாக்கினால் காப்புரிமையும் கிடைக்கிறது, நிறுவனங்கள் விற்கவும் செய்கின்றன. இங்கே சிங்கப்பூரிலேயே ஏ-ஸ்டார் என்ற அரசாங்க ஆய்வு அமைப்பு நுண்ணுயிர்கள், தாவரங்களின் பெரிய சேகரிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஆய்வு செய்கிறது.

நம்மில் பலர் வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்க்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து வந்தது. அதற்காக அந்த இலையை மென்று யாரும் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தவில்லை. மெல்லவும் கூடாது, நச்சு.

தட்டில் செத்தது, உடம்பில் சாகுமா?

பெரியப்பா அனுப்பிய படத்தில் ஆய்வகத் தட்டில் புற்றுநோய் அணுக்கள் செத்துக் கிடக்கின்றன. பொய் என்று சொல்ல மாட்டேன். தட்டில் அணுக்களைக் கொல்வது மிகச் சுலபம். துணிக்குப் போடும் பிளீச்சும் கொல்லும். மனித உடம்பில் கேள்வியே வேறு. விழுங்கியது குடலைத் தாண்டி ரத்தத்தில் சேருமா? கல்லீரல் அதைச் சிதைக்காமல் விடுமா? கட்டி வரை போதிய அளவில் போகுமா? போகிற அளவில் மற்ற உறுப்புகள் தாங்குமா? மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்த புற்றுநோய் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுகூட அனுமதி வரை போவதில்லை.

கடல் பாக்டீரியா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மாரிசோமிப் என்ற பொருள். பஹாமாஸ் கடலடிச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தினர் பிரித்தெடுத்து 2003ல் அறிவித்தார்கள். தட்டில் அபாரமாக வேலை செய்தது. மூளைக்குள்ளும் புகக்கூடியது என்பதால், மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு உதவும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 700க்கும் மேற்பட்ட நோயாளிகள் பெரிய சோதனையில் சேர்ந்தார்கள். 2021ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. தள்ளாட்டம், மனப்பிரமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. அத்தனை தேர்ந்த விஞ்ஞானிகள் கையில், அளந்து ஊசி வழியாகக் கொடுத்த மருந்தே அப்படி ஆகியிருக்கிறது. பெயர் தெரியாத ஒரு காப்சூலை நம்பி அம்மாவை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. டெக்சாஸ் மண்ணில் உள்ள பாக்டீரியாவிலிருந்து கிடைத்த கலிக்கியமைசின் என்ற பொருள் அவ்வளவு கொடியது, தனியாக மருந்தாகக் கொடுக்கவே முடியாது. லுகேமியா அணுவைத் தேடிப் போகும் எதிர்ப்பொருளோடு அதை ஒட்டவைத்து 2000ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். பலன் உறுதியாகவில்லை, உயிரிழப்பும் கவலை தந்தது என்று 2010ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அளவைக் குறைத்து, பிரித்துக் கொடுக்கும் முறையில் 2017ல் திரும்ப வந்தது. பொருள் அதே பொருள். மாறியது அளவும் கொடுக்கும் விதமும் மட்டுமே.

அந்தப் புட்டியில் என்ன இருக்கலாம்

ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் போனது 480 வெள்ளி. ஏதாவது இருந்தால்தான் எனக்குப் பயம். டாக்ஸோரூபிசினைக் கல்லீரல்தான் வெளியேற்றுகிறது. கல்லீரலைத் தொந்தரவு செய்யும் ஏதாவது ஒன்று கூடவே உள்ளே போனால் மருந்து உடம்பில் தேங்கி நச்சாகும். விளம்பரத்தில் “உயிருள்ள நுண்ணுயிர்” என்றும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இது இன்னும் மோசம். கீமோ ஏற்றிய பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத பாக்டீரியாகூட அப்போது ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

“சிங்கப்பூரில் தடை இல்லை, எனவே பாதுகாப்பானது” என்று விற்பவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது தவறான புரிதல். இங்கே சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன்பு சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. தடை இல்லை என்பதற்கு யாரோ சோதித்துப் பார்த்தார்கள் என்று பொருள் இல்லை. ஆனால் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய அவற்றுக்கு அனுமதி கிடையாது. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து ஆணையத்துக்கு அனுப்பலாம். புட்டியை மருத்துவமனை மருந்தாளரிடம் காட்டுங்கள், திட்ட மாட்டார்.

கீமோவை நிறுத்தினால்

இதை மென்மையாகச் சொல்ல வழி தெரியவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018ல் வெளியிட்ட ஆய்வில், பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியம் மட்டும் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தார்கள். மொத்தத்தில் அவர்களுடைய மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்தரை மடங்குக்கு மேல்.

அம்மாவின் நோய் இப்போது குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தில் இருக்கிறது. ஐந்து கணுக்களில் நோய் இருந்தது என்பதால் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் வேறெங்காவது ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு, கீமோ அதற்காகத்தான். இந்த வாய்ப்பு திரும்ப வராது. அதே நேரம், கீமோ என்றால் இதே மருந்துதான் என்று இல்லை. அம்மாவால் தாங்க முடியவில்லை என்றால், இருதயத்தில் குறை தெரிந்தால், சிவப்பு மருந்து இல்லாத சிகிச்சைத் திட்டங்களும் உண்டு. அளவைக் குறைக்கலாம், வாந்திக்கு வேறு மருந்து தரலாம். “கீமோவால் என் அம்மாவுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு குறையும்?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காக மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் 90 நாளைத் தாண்டி கீமோ தொடங்கியவர்களுக்குப் பலன் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மா நேரத்தோடு தொடங்கிவிட்டார். நடுவில் விட வேண்டாம்.

செலவு பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அம்மாவின் மருந்துகள் பழையவை, விலை மலிந்தவை. மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் சேமிப்பும் போக மிஞ்சுவதைக் கட்ட முடியாவிட்டால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று வார்டிலேயே சொல்லுங்கள்.

சோதனையில் சேர்வது பற்றி

கேட்கலாம், தப்பில்லை. தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட சோதனைகள் நடக்கின்றன. ஆனால் புத்தம் புதிய பொருளை மனிதரிடம் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சைகள் எல்லாம் பலிக்காமல் போனவர்களைத்தான் சேர்ப்பார்கள். அம்மா அந்த இடத்தில் இல்லை என்பதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். வழக்கமான சிகிச்சையோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை ஏதாவது பொருந்தினால் அவருடைய மருத்துவரே சொல்வார். ஒழுங்கான சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், நோயாளியின் கையெழுத்து இருக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை இருக்கும். சோதனை மருந்துக்கு வழக்கமாகக் காசு கேட்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வங்கி எண் அனுப்புகிறவர் நடத்துவது சோதனை இல்லை.

அம்மா என்ன சொல்கிறார்?

உங்கள் கடிதத்தில் பெரியப்பா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், விற்பவர்கூடப் பேசுகிறார். அம்மா வாய் திறந்து சொன்னதாக ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: “அந்தச் சிவப்பைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குது.” அவருக்கு 61 வயது, தெளிவாக இருக்கிறார், உங்களை வளர்த்து ஆளாக்கியவர். அவர் உடம்புக்குள் என்ன போக வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. அவருக்குத் தெரியாமல் கஞ்சியில் கலப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அவரிடமிருந்து அந்த உரிமையைப் பறிப்பது. நாளைக்குக் காய்ச்சல் வந்து அவசரப் பிரிவில் சேர்த்தால், “வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று மருத்துவர் கேட்பார். உண்மையாகவே ஒன்றும் தெரியாமல் அவர் “இல்லை” என்பார். அந்த ஒரு பதிலால் வைத்தியம் தவறான திசையில் போகலாம்.

ஆகவே இன்று இரவே அவரோடு உட்காருங்கள். சிவப்பு மருந்து எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். பெரியப்பா வாங்கி வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். முடியா, வாந்தியா, ஊசியா, உங்களுக்கு பாரமாகிவிடுவோம் என்ற எண்ணமா? ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது வேறு. பெரியப்பாவையும் முடிந்தால் அடுத்த சந்திப்புக்கு அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் நேரில் கேட்டுவிட்டால் அவர் மனமும் அடங்கும். அம்மாவுக்கு உதவ அவருக்கு ஆசை இருக்கிறது. கீமோ நாள்களில் கூட்டிப் போய் வரும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம்.

தயிர் சாப்பிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நன்றாகக் காய்ச்சிய பாலில் அன்றன்று உறை ஊற்றிய தயிரைப் பொதுவாக நான் தடுப்பதில்லை. உங்கள் மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். 38 டிகிரியைத் தொட்டால் பேனடால் கொடுத்துவிட்டு விடியும் வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ எடுக்கிறவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.